சீனி வருத்தமும் நமது கால்களும்

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சுகாதார உரை)



சீனி வருத்தம் என்றதும் நாம் தேத்தண்ணியில் போடும் சீனியை மட்டும்தான் நினைக்கிறோம். "சீனியக் குறைச்சிட்டேன், குளிசையும் போடுறேன். பிறகு ஏன் என் காலப் பார்க்கிறீங்க?" என்று கிளினிக்கில் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்கிறேன்.

இரத்தத்தில் சீனி பல வருடம் கூடி நின்றால், பெரிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதடைகிறது. அங்கே கொழுப்புப் படிந்து குழாய் ஒடுங்குகிறது. லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். உள்ளே சேறு படிந்தால், முதல் காம்பராவுக்குத் தண்ணீர் வரும். கடைசிக் காம்பராவுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். உடம்பில் அந்தக் கடைசிக் காம்பரா நமது பாதம். இதே அடைப்பு இருதயத்துக்குப் போகும் குழாயில் வந்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் வந்தால் பாரிசவாதம்.

இரத்தம் போகாத காலில் புண் ஆறாது. நாம் குடிக்கும் மருந்தும் இரத்தத்தோடுதானே புண்ணுக்குப் போக வேண்டும்?

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. மலை ஏறும்போது கெண்டைக்கால் இறுகி வலிக்கும். சற்று நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். "வயசாச்சு, வாதம்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். டொக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் மற்றதைவிடக் குளிர்ந்திருந்தாலும், விரல் கறுத்தாலும் தாமதிக்க வேண்டாம்.

இன்னொரு கெடுதியும் இருக்கிறது. இந்த வருத்தம் நரம்பையும் கெடுத்து, காலை மரத்துப்போகச் செய்யும். கவ்வாத்துக் குச்சி குத்தினாலும், செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. குளிருக்கு அடுப்பருகே கால் நீட்டுவோம். தோல் வெந்தாலும் தெரியாது. வலித்தால்தான் புண் என்று நினைக்கிறோம். சீனி வருத்தக்காரருக்கு வலிக்காத புண்தான் அதிக ஆபத்து.

ஆகையால் தினமும் இவற்றைச் செய்யுங்கள்:

மலையிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள். வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் மகனையோ மருமகளையோ பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். செருப்பை, சப்பாத்தை உதறிவிட்டுப் போடுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணியை பிளேடால் சீவாதீர்கள். அட்டை கடித்த இடத்தைச் சொறியாதீர்கள். புண்ணில் சுண்ணாம்போ சாம்பலோ அப்பாதீர்கள். பீடி, சுருட்டு, சிகரட் மூன்றும் ஒடுங்கிய குழாயை இன்னும் ஒடுக்கும், விட்டுவிடுங்கள். பிரஷருக்கும் கொழுப்புக்கும் தந்த குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவையும் குழாயைக் காக்கிற மருந்துகள்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபடியும் சோதித்து நோயை உறுதி செய்வார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் இதற்குக் காசு கேட்பதில்லை. போகும்போது, "காலையும் பாருங்க ஐயா" என்று நீங்களே கேளுங்கள். பாதத்தில் நாடி அடிக்கிறதா, உணர்வு இருக்கிறதா என்று சில நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கங்காணிமாருக்கும் ஒரு வேண்டுகோள். சீனி வருத்தமுள்ள ஒருவரின் காலில் சிறு புண் கண்டாலும் அவரை அன்றைக்கே மருந்துக்கு அனுப்புங்கள். ஒரு நாள் பேர் போகுமே என்று நாமும் பொறுத்துப் பார்க்கிறோம். புண் அழுகி, விரல் எடுத்து, பிறகு காலையே எடுக்க வேண்டி வந்தால் எத்தனை நாள் பேர் போகும்? அந்த வீட்டை யார் தாங்குவது?

மலையேறி உழைக்கும் நமக்குக் கால்தான் சொத்து. இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் உங்கள் காலையும், வீட்டிலுள்ள பெரியவர்களின் காலையும் ஒருமுறை பாருங்கள்.