இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

"கணிப்பொறித் துறையில் இருக்கிறாய், மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் புத்திசாலித்தனமாகச் செய்த காரியங்களைச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆகவே நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2016 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, தாத்தா கொழும்புக்குப் போய் வந்த கதை, தோட்டத்தில் கிணறு வெட்டிய கதை எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்தேன். மொத்தம் இரண்டு மணி நேரம். அடுத்த ஆண்டு அப்பா காலமாகிவிட்டார்.

நான் எஞ்சினியர் அல்லவா! ஒரு பிரதி போதாது என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கணிப்பொறியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று ஏற்றி வைத்தேன். செல்போனில் இடம் போதவில்லை என்று அதிலிருந்ததை அழித்துவிட்டேன். கணிப்பொறியும் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தன.

2018 நவம்பர் 16. கஜா புயல். நம் மாவட்டத்தில் யாருக்கும் அந்த நாளை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தென்னை ஒன்று ஓட்டின் மேல் சாய்ந்தது, மழை நேராக அந்த மேசையில் கொட்டியது. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது கணிப்பொறி நசுங்கிக் கிடந்தது. டிஸ்க்கை வெயிலில் காய வைத்தேன். பல நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் ஆவல் தாங்காமல் இணைத்துப் பார்த்தேன். கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது, அப்படியே மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்!

நண்பர்களே, இரண்டு பிரதி வைத்திருந்தேன் என்று நினைத்தேன். உண்மையில் ஒரே கூரைக்கு அடியில் ஒரே பிரதிதான் இருந்தது.

நாம் எப்படிப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கிறோம்? பெரும்பாலும் எது சுலபமோ அதைத்தான். சிலர் ஒரு பென் டிரைவை பீரோவில் போட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சிலர் டிஸ்க்கை எப்போதும் கணிப்பொறியிலேயே செருகி வைத்திருக்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். இன்னும் பலர், "எல்லாம் கூகுளில் இருக்கிறது சார்" என்கிறார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. அது நிரம்பினால் புதுப் படம் ஏறாது. அதோடு, போனில் காப்பு எடுத்த படத்தை கூகுள் போட்டோஸில் அழித்தால் அங்கேயும் அழியும். 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பிறகு போயே போய்விடும். நம் தவறையும் உடனே நகல் எடுக்கிற ஏற்பாடு அது!

அழிவது கணிப்பொறிக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டைச் சுற்றுலா போய்ப் பார்த்திருப்பீர்கள். திருமயத்திலும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு சாசனம் வெட்டினார்கள். இன்று மிஞ்சியிருப்பது துணுக்குகள்தான். கருங்கல்லுக்கே அந்தக் கதி என்றால் நம் ஹார்ட் டிஸ்க் எம்மாத்திரம்?

தொழிலில் மூன்று–இரண்டு–ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். செலவு அதிகம் இல்லை. ஒரு டிஸ்க் வாங்கி, நிரப்பி, அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள். தீபாவளிக்குப் போகும்போது புதுப்பியுங்கள். முக்கியமாக, அதைத் திறந்து பாருங்கள். 1998இல் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தபோது, எடுத்து வைத்த பேக்கப் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் அம்மையாரின் கணிப்பொறியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. அது வேறு கூரை!

எனக்கும் ஒரு வேறு கூரை இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு துண்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவள் அதை அழிக்கவில்லை. நாலு நிமிஷம். அப்பா கிணறு வெட்டிய கதையை ஆரம்பிக்கிறார், பாறை வந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தண்ணீர் எத்தனை அடியில் வந்தது என்று சொன்னார், எனக்கு ஞாபகம் இல்லை.

தம்பி தங்கைகளே, இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்களிடம் உள்ளதில் எது போனால் திரும்பக் கிடைக்காது என்று யோசியுங்கள். அதை மட்டுமாவது வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் படுங்கள்.