'ஆமா'ன்னு சொல்ற சர்வர்தான் ஆபத்து

இன்னைக்கு டைரக்டரி சர்வர்ல வர்ற ரெப்ளிகேஷன் டிலே பத்திப் பேசலாம்.

ஆபீஸ்ல யாருக்கு லாகின் இருக்கு, பாஸ்வேர்ட் சரியான்னு பார்க்கிற பதிவேடுதான் டைரக்டரி. சென்னை ஆபீஸ்ல ஒரு காப்பி, கோவையில ஒரு காப்பி. ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டைரக்டரியில, ஒரே சைட்டுக்குள்ளன்னா 15 செகண்ட்ல பக்கத்து சர்வருக்குத் தகவல் கிளம்பிடும். ரெண்டு சைட்டுக்கு நடுவுல? டீஃபால்ட் 180 நிமிஷம். முழுசா மூணு மணி நேரம்!

மேல்மலையனூர் அமாவாசை ராத்திரிய நினைச்சுக்கோங்க. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம், ஊர் கொள்ளாத கூட்டம். கோயில்கிட்ட ஒரு உதவி மையம், பஸ் ஸ்டாண்ட்கிட்ட ஒண்ணுன்னு வச்சுக்குவோம். தொலைஞ்ச குழந்தை கோயில் மையத்துல இருக்கு. அம்மா பஸ் ஸ்டாண்ட் மையத்துல வந்து கேக்குறாங்க. "எங்க லிஸ்ட்ல இல்லம்மா, இருங்க, அங்க கேட்டுச் சொல்றேன்"னு ஒரு போன் போட்டா முடிஞ்சுது.

பாஸ்வேர்ட் மாத்தும்போது இதேதான் நடக்குது. புது பாஸ்வேர்ட் உடனே பிடிசி எமுலேட்டர்ங்கிற சர்வருக்குப் போயிடும். மத்த சர்வர் எதுவும் 'தப்பு'ன்னு திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு தடவை கேட்டுக்கும்.

இப்போ தலைகீழா யோசிங்க. குழந்தைய கூட்டிட்டுப் போகலாம்னு லிஸ்ட்ல இருந்த ஒருத்தர் பேரை கோயில் மையத்துல அடிச்சாச்சு. பஸ் ஸ்டாண்ட் லிஸ்ட்ல பேர் அப்படியே இருக்கு. அவங்க எதுக்குப் போன் போடப் போறாங்க? குழந்தைய குடுத்து அனுப்பிடுவாங்க.

வேலைய விட்டு அனுப்பின ஒருத்தரோட அக்கவுண்ட்டை சென்னையில டிஸேபிள் பண்றீங்க. கோவை சர்வருக்கு அவர் இன்னும் நம்ம ஆளுதான். பாஸ்வேர்டையும் மாத்திட்டா போதுமா? போதாது. பழைய பாஸ்வேர்ட் அங்க சரியா பொருந்துது. சந்தேகமே வராது, யார்கிட்டயும் கேக்காது.

அப்போ என்ன செய்யலாம்? அவர் லாகின் பண்ற சைட்டோட சர்வர்லயே நேரா டிஸேபிள் பண்ணுங்க. அப்புறம் ரெப்அட்மின் சிங்க்ஆல் கமாண்டை, எல்லா சைட்டுக்கும் புஷ் பண்ற ஆப்ஷனோட ஓட்டுங்க. அவசரம் அடிக்கடி வந்தா, சைட் லிங்க்ல சேஞ்ச் நோட்டிஃபிகேஷனை ஆன் பண்ணிடுங்க. முக்கியமா, ஏற்கெனவே வாங்கின கெர்பரோஸ் டிக்கெட் டீஃபால்ட்டா 10 மணி நேரம் வரைக்கும் செல்லும். அதனால அவரோட விபிஎன், திறந்திருக்கிற செஷன் எல்லாத்தையும் தனியா துண்டிக்கணும்.

புதுசா சேர்ந்தவங்களுக்கு லாகின் ஆகலைன்னா உடனே டிக்கெட் போட்டுருவாங்க, நமக்குத் தெரிஞ்சிடும். வெளிய போனவருக்கு லாகின் ஆச்சுன்னா யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ண மாட்டாங்க. நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க சைட் லிங்க்ல எத்தனை நிமிஷம் போட்டிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!