ஒளிகாலும் இருவாயியைக் காத்தல்

1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் நிக் ஹொலொனியாக் கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் ஒளிகாலும் இருவாயியை ஆக்கினார். எல்.ஈ.டி. என வழங்கும் இச்சிறு பொருளுக்குப் பகை இரண்டு: மிகை மின்னோட்டம், மிகை வெப்பம்.

அழுத்தம் சிறிது ஏறினும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகுமாதலின், தொடராக ஒரு தடையி வேண்டும். 9 உவோல்ற்று மின்கலவடுக்கில் செந்நிற இருவாயி ஏறத்தாழ 2 உவோல்ற்றைக் கொள்ளும். எஞ்சிய 7 உவோல்ற்றை 20 மில்லியம்பியரால் வகுத்தால் 350 ஓம் வரும். கடையிற் கிடைக்கும் 390 ஓம் தடையி பொருந்தும்.

நெடிய கால் நேர்முனையாகும். காலை வளைக்கும்போது அதன் அடியை இடுக்கியாற் பற்றுக. இன்றேல் உள்ளிருக்கும் மயிரிழைக் கம்பி அறுதல் கூடும். பற்றாசு வைக்கும்போதும் அவ்விடுக்கி இடைநின்று வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பற்றாசுக்கோலை 3 விநாடிக்குமேல் வைத்தலாகாது.

வெப்பத்தால் ஊறுபட்ட இருவாயி எப்பொழுதும் உடனே அணைவதில்லை. சிலகாலம் ஒளிர்ந்து பின்னரும் மங்கலாம். அப்பொழுது பழி பொருளின்மேல் விழும். பிழையோ கோல் பிடித்த கையினது.