வலையில் தமிழ்ப்பெயர் வாழாதா?

(தாம்பரத்தில் கூடிய தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து வடக்கே மூன்றாம் தொடர்வண்டி நிலையம் பல்லாவரம். அங்கு வாழ்ந்த வேதாசலனார் 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, மறைமலையடிகள் ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்க்கெல்லாம் அவர் தம் பெயரையே விடையாக வைத்தார். பெயர் உரிமையின் முத்திரை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று பல்லாவரம் முதல் தாம்பரம் வரை பெருஞ்சாலையின் இருமருங்கும் நோக்குங்கள். கடையின் பெயர் தமிழில் இருக்கும். அதன் அடியில் இணைய முகவரி உரோமன் எழுத்தில் இருக்கும். பள்ளிப் பலகையும் அப்படியே. தமிழ் இதழின் அட்டையும் அப்படியே. ஏன் என்று வினவினால், “கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது, முகவரி ஆங்கிலத்தில்தான் அமையும்” என்று விடை வருகிறது. இவ்விடை மெய்தானா? சினந்து பேசுமுன் ஆராய்ந்து பார்ப்பதன்றோ அறிவுடையார் செயல்! ஆராய்தற்குரிய கருவி விலையின்றியே கிடைக்கிறது.

முதலில் முகவரி இயங்கும் முறையை அறிதல் வேண்டும். கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. மாந்தர் பெயரால் அறிகின்றனர். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் அவற்றிற்குரிய எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவில் உள்ள இசுடான்போர்டு ஆராய்ச்சி நிறுவனம் அதனைப் பேணியது. பட்டியல் பெருகியது, ஓரிடத்தில் பேண இயலாமற் போயிற்று. 1983-இல் பால் மொக்கபெட்ரிசு என்பார் அப்பொறுப்பைப் பலர்க்கும் பகிர்ந்தளிக்கும் களப்பெயர் முறையை வகுத்தார். அஞ்சல் பிரிப்பவர் முதலில் ஊரைப் பார்ப்பார், பின்னர்த் தெருவை, அதன் பின்னர் வீட்டை. களப்பெயரும் அவ்வாறே வலமிருந்து இடமாகப் பிரித்தறியப்படுகிறது. கடைசியில் நிற்கும் பெயர் ஊர். அதற்கு இடப்புறம் தெரு. அதற்கும் இடப்புறம் வீடு.

இப்பெயர்களைத் தேடுதற்குக் கட்டளை வரி என ஒன்று உண்டு. படமும் பொத்தானும் அற்ற வெறுஞ்சாளரம் அது. சொல்லை எழுதினால் சொல்லால் விடை தரும். இலினக்சு, மேக்கு கணிப்பொறிகளில் ‘டிக்’ என்னும் கட்டளை வழங்குகிறது. அச்சொல்லுக்குத் ‘தோண்டு’ என்பது பொருள். விண்டோசில் ‘என்.எசு.லுக்கப்’ என்பது அதே பணியைச் செய்யும். கட்டளையை எழுதி, ஓர் இடம் விட்டு, களப்பெயரை எழுதினால், அப்பெயர்க்குரிய எண்முகவரி எது, விடையளித்த வழங்கி எது என்பன திரையில் தோன்றும். ‘ஊஇசு’ என்பது மற்றொரு கட்டளை. ‘யார் இவர்’ என்பது அதன் பொருள். பெயர் பதிவான நாள், பதிவு முடியும் நாள், பதிவு செய்துகொடுத்த நிறுவனம் ஆகியவற்றை அது சொல்லும். உரிமையாளரின் பெயர் இப்போது பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. இவை யாவும் வினவுதலே. இவற்றால் எவர் உடைமைக்கும் கேடு நேராது.

இனி, ‘இந்தியா’ என்னும் இறுதிப் பெயரைத் தமிழெழுத்திலேயே கொடுத்துத் தேடிப் பாருங்கள். ‘டிக்’ கருவியின் புதிய பதிப்புகள் அதனை அப்படியே ஏற்கும். பழைய பதிப்பாயின் ‘ஐ.டி.என்.2’ என்னும் கருவியால் முதலில் உருமாற்றித் தரவேண்டும். விடை வரும்! அப்பெயரைக் காக்கும் முதன்மை வழங்கியின் பெயர் வந்து நிற்கும். கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது என்ற கூற்று அங்கேயே பொய்யாகிறது.

ஆனால், உருமாற்றிய பெயரைக் கண்டவர் திடுக்கிடுவர். ‘எக்சு’, ‘என்’ என்னும் ஈரெழுத்தும் இரு சிறுகோடும் முன்னே நிற்க, பின்னே உரோமன் எழுத்தும் எண்ணுமாகப் பதின்மூன்று குறிகள் நிற்கும். இலக்கணப்படி ‘இந்தியா’ நான்கெழுத்து. ஒருங்குறியில் ந், தி, யா ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிதலின் ஏழு குறி. வலையினுள்ளே பதினேழு குறி. “ஆகவே உள்ளே இருப்பது உரோமன்தானே! இதுவா தமிழ்?” என்று சிலர் குமுறுவர். அக்குமுறல் இயல்பே, ஆயினும் பொருந்தாது. கிழக்குத் தாம்பரத்திற்கு மடல் எழுதுவோர் 600059 என்ற எண்ணையும் எழுதுகின்றனர். அவ்வெண்ணால் தாம்பரம் என்ற பெயர் அழிந்ததா? அவ்வெண் அஞ்சலகத்தின் பயன்பாட்டிற்கு. பெயர் மக்களின் வாய்க்கு. பழைய வலையமைப்பைக் குலைக்காமல் எல்லா மொழியும் அதன்வழிச் செல்ல 2003-இல் வகுக்கப்பட்ட பாலமே இவ்வுருமாற்றம். சீனமும் அரபும் இப்பாலத்தின் வழியேதான் செல்கின்றன.

அஞ்சவேண்டியது வேறொன்று. ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தைச் சிலர் ஔ என்று ஒரே எழுத்தாக அடிக்கின்றனர். சிலர் ஒ, ள என்னும் ஈரெழுத்தாக அடிக்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவியிடம் கொடுத்தால் இருவேறு உருவம் காட்டும். எழுத்துப்பிழை இங்கே ஏட்டுப்பிழையோடு நில்லாது. வீடு மாறிப் பிறர் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நெடுங்கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இக்காலத்தில் இப்படியும் ஒரு கடமை வந்துள்ளது!

இவ்வுரிமை தானாக வந்ததன்று. 1998-ஆம் ஆண்டளவில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தான் தின் வீ என்னும் அறிஞரின் குழு ஆசிய மொழிகளில் களப்பெயர் அமைக்க முயன்றது; அவற்றுள் தமிழும் ஒன்று. பின்னர் 2010, 2011 ஆகிய ஈராண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்னும் இறுதிப் பெயர்கள் தமிழெழுத்தில் ஒப்புதல் பெற்றன. எனினும் இம்மூன்றும் நாடுகளின் பெயர்கள். மொழியின் பெயரால் அமைந்தவை அல்ல. கத்தலான் மொழியினர் தம் மொழிக்கும் பண்பாட்டிற்குமென ஓர் இறுதிப் பெயரை 2005-இலேயே பெற்றனர். முறையாக அமைப்பு நிறுவி, முறையாகக் கேட்டுப் பெற்றனர். தமிழர் கேட்டால் கிடைக்காதென்று எவர் சொன்னார்?

குறைகளும் உள்ளன, மறைத்தற்கில்லை. தமிழெழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் ‘பிழை’ என்று தள்ளுகின்றன. அக்குறை நீங்கும்வரை காத்திருப்போம் என்பது நீரில் இறங்காமலே நீந்தக் கற்பது போலாகும். பயன்படுத்துவோர் பெருகினாலன்றிப் படிவங்கள் திருந்தா.

ஆகவே செய்யவேண்டியவை நான்கு. ஒன்று: ஒவ்வொரு தமிழ் அமைப்பும், இதழும், பள்ளியும் தன் பெயரைத் தமிழெழுத்தில் தேடிப் பார்க்கட்டும். ‘என்.எக்சு.டொமைன்’ என்று விடை வந்தால் அப்பெயர் வலையில் இல்லை என்பது பொருள். இரண்டு: அவ்விடையை மட்டும் நம்பாமல் ‘ஊஇசு’ வழியும் வினவட்டும், பதிவாகியும் வழங்கியோடு இணைக்கப்படாத பெயர்கள் உண்டு. மூன்று: பதிவு செய்தபின் முடியும் நாளைக் குறித்துவைத்து, நாள் தவறாமல் புதுப்பிக்கட்டும். கைவிட்ட பெயரை எவரும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்மன்றத்தின் பழைய முகவரியில் சூதாட்டக்காரர் கடை விரித்தால் தடுப்பார் யார்? நான்கு: பதிந்த பெயரைப் பலகையிலும் இதழிலும் மடல்தாளிலும் தமிழெழுத்தில் பொறிக்கட்டும்.

வலை தமிழை மறுக்கவில்லை. தமிழில் வினவுவார் இன்மையால் வாளா இருக்கிறது. இன்றிரவே வீடு சென்று, கட்டளை வரியைத் திறந்து, தமிழில் ஒரு பெயரை எழுதிக் கேளுங்கள்!

வாழ்க தமிழ்!