வெண்புள்ளியும் மனக்கவலையும்



கொல்கத்தாவில் வாழும் தமிழர் எவரும் லேக் மார்க்கெட்டை அறிவர். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் தேடி நாம் கூடும் இடம் அது. ஈராண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அங்கே நம் நண்பர் ஒருவரைக் கண்டோம். உடன் வந்த அவருடைய மகள், அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை அணிந்திருந்தாள். காரணத்தை நண்பர் பின்னர்த் தனியே சொன்னார். பெண்ணின் விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளிகள் தோன்றியிருந்தன. ஊரில் வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பெண் உறங்குவதில்லை, புள்ளிகளோ பரவுகின்றன. கவலையால் நோய் வளர்கிறதா, நோயால் கவலை வளர்கிறதா என்று அவர் கேட்டார். அவருக்கு அன்று விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிடும் அணுக்கள் நம் உடலில் உண்டு. சில வேளைகளில் அவை பகைவன் யார், உறவினன் யார் என்று பிரித்தறியாமல் சொந்த உடலையே தாக்கத் தொடங்குகின்றன. இவ்வாறு வருவனவற்றைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறோம். மூட்டுகளைத் தாக்கினால் அது முடக்குவாதம். தோலுக்கு நிறமூட்டும் அணுக்களைத் தாக்கினால் வெண்புள்ளி. இது தொற்றுவதில்லை. உயிருக்கும் ஊறு செய்வதில்லை.

மனத்துக்கு இதில் என்ன பங்கு? அச்சமோ துயரமோ நேரும்போது அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் நீரைச் சுரக்கிறது. அது எதிர்ப்பு அணுக்களுக்குக் கடிவாளம் போன்றது. கவலை மாதக்கணக்கில் நீடித்தால் அவ்வணுக்கள் கடிவாளத்துக்கு அடங்காமற் போகக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கடும் அதிர்ச்சியாலும் நெருக்கடியாலும் மனநலம் குன்றிய 1,06,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றி ஸ்வீடன் நாட்டில் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அவர்களுள் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 பேர் ஏதேனும் ஒரு தன்னெதிர்ப்பு நோய்க்கு ஆளாயினர். ஒப்புநோக்கப்பட்ட மற்றவர்களுள் 6 பேரே. உடன்பிறந்தாரோடு ஒப்பிட்ட போதும் வேறுபாடு மறையவில்லை. ஆயினும் இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. ஆதலின், "நீ கவலைப்பட்டதால்தான் வந்தது" என்று நோயுற்றவரைக் குறை கூறுவது அறியாமை. அது கவலையின்மேற் கவலையை ஏற்றுவதுமாகும்.

வெண்புள்ளிக்கோ இன்னொரு சுமையும் உண்டு. அது அதன் பழைய பெயர். இங்கே நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நாம் புதிதாக மொழிபெயர்ப்புப் பணியேற்ற காலத்தில், ஒரு சுற்றறிக்கையில் லியூக்கோடெர்மா என்னும் சொல் வந்தது. அகராதியைப் பார்த்து 'வெண்குஷ்டம்' என்று எழுதித் தட்டச்சுக்கு அனுப்பினோம். தட்டச்சு செய்த அம்மையார் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். "சார், இது குஷ்டம் இல்லையே?" என்றார். தாளைப் பிடித்திருந்த அவர் விரல்களை அன்றுதான் நாம் உற்றுப் பார்த்தோம். ஆறு மாதம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள்!

தொழுநோய் கிருமியால் வருவது. அக்கிருமியை ஹான்சென் கண்டறிந்த ஆண்டு 1873. வெண்புள்ளிக்கு அதனோடு எந்த உறவும் இல்லை. நம் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், 1920-களில் எர்னஸ்ட் மியூர் தொழுநோயை ஆராய்ந்தார். அதே பள்ளியில் ராம்நாத் சோப்ரா, நாட்டு வைத்தியர் வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போகரிசியை ஆராய்ந்தார். அறிஞர் இரண்டையும் வெவ்வேறாக வைத்துப் பார்த்த காலத்திலும் ஊர் வாய் ஒன்றாகவே சொல்லிவந்தது. 2010-இல் தமிழக அரசு 'வெண்குஷ்டம்' என்பதை விலக்கி 'வெண்புள்ளி' என்றே வழங்குமாறு ஆணையிட்டது. வங்காளிகள் இதனை 'ஷ்வேதி' என்பர். வெண்மை என்பதற்கு மேல் அச்சொல்லில் ஒன்றுமில்லை. ஆனால் பெண் பார்க்க வருவோரின் கண் அவர்களிடமும் நம்மவரிடமும் ஒன்றுபோலவே இருக்கிறது.

நண்பரின் மகளை இங்குள்ள தோல் மருத்துவர் ஒருவர் பார்த்தார். பூசும் மருந்தும் புற ஊதாக்கதிர்ச் சிகிச்சையும் தந்ததோடு, உறக்கமின்மைக்காக மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். வரன் தேடுவதை ஓராண்டு நிறுத்திவைக்கும்படி பெற்றோரிடம் அவர் சொன்னது நமக்கு மிகவும் பிடித்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல அந்த மருத்துவராலும் ஆகவில்லை.

சென்ற மாதம் அவளைப் பூக்கடையில் கண்டோம். அரைக்கைச் சட்டை அணிந்து, சரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் நிறம் பெரும்பாலும் திரும்பியிருந்தது. விரல் நுனிகளில் திரும்பவில்லை. அவ்விடத்தில் எளிதில் வராது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தாராம். அந்த விரல்களாலேயே பூவை வாங்கி, நம் கையில் ஒரு முழம் கொடுத்தாள்.