சரியான விடை, சரியான புரிதல்
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இயற்பியல் வீட்டுப்பாடத்தைக் கணினியே திருத்துவது புது சமாச்சாரம் அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1992-லேயே 'காபா' என்ற முறை வந்துவிட்டது. கணக்கு ஒன்றுதான், எண்கள் மட்டும் மாணவருக்கு மாணவர் வேறு. அடுத்தவன் விடையைக் காப்பியடித்துப் பயனில்லை. தப்பு என்றால் உடனே தெரியும், மறுபடி முயலலாம். இன்று நம் ஐ.ஐ.டி.கள் பங்குகொள்ளும் என்.பி.டெல். பாடங்களிலும் வாராந்திர வீட்டுப்பாடத்தைப் பெரும்பாலும் கணினிதான் திருத்துகிறது.

ஆனால் எண் மாறினாலும் சூத்திரம் மாறாது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கிற பிள்ளைக்கு விஷயம் புரிந்ததா? அதைக் கணினி கேட்பதில்லை.

ஒரு லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன் மேல் விசை அதிகம்? நியூட்டனின் மூன்றாம் விதியைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையும் "கார் மேல்தான்" என்பான். உண்மையில் இரண்டின் மேலும் விசை சமம். கார் லேசானது, ஆகவே அதன் வேகம் அதிகம் மாறுகிறது. அவ்வளவே. டேவிட் ஹெஸ்டனீஸும் இரு சகாக்களும் இந்த மாதிரி, கணக்கே போடவேண்டாத 29 கேள்விகளை 1992-ல் வெளியிட்டார்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் இப்படிப்பட்ட தேர்வு வைத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டாராம்!

அந்த 'நினைக்கிறபடி'யைத்தான் வீட்டுப்பாடம் தொடவேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, எத்தனை முறையும் முயலலாம் என்றால், நாலாவது தடவை தானாகவே சரியாகிவிடும். அதற்குப் பதில் ஒரே நிகழ்ச்சி பற்றி ஐந்து வாக்கியங்கள் கொடுத்து, ஒவ்வொன்றும் சரியா தப்பா என்று கேட்கலாம். ஐந்தும் சரியானால்தான் மதிப்பெண். 32 விதமாகக் குறிக்க இடமிருப்பதால் குருட்டாம்போக்கு பலிக்காது. எண்ணுக்குப் பதில் நிலைமையை மாற்றலாம்: ஒருவனுக்கு மேலே போகிற பந்து, இன்னொருவனுக்கு உச்சியில் நிற்கிற பந்து.

திருத்துவது கணினிக்குச் சுலபம். நல்ல தப்பு விடையைத் தயாரிப்பதுதான் கஷ்டம். அது ஆசிரியரின் கற்பனையில் வராது, பிள்ளைகளின் வாயிலிருந்துதான் வரவேண்டும். முதலில் அவர்களைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லி, அந்தத் தப்புகளையே விடைப்பட்டியலில் வைக்கவேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் அதற்கேற்ற ஒரு குறிப்பும் வேண்டும்.

நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். பிள்ளைகள் என்ன தப்பு சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கு அத்துப்படி. அதை எழுதி வையுங்கள். கணினிக்குத் தெரியாதது அதுதான்.