நாய்க்குட்டி வருமுன்

வீட்டிற்கு நாய் ஒன்று வரப்போகிறது என்றால் நாம் முதலில் எவற்றைத் தேடுகிறோம்? கழுத்துப் பட்டை, சங்கிலி, கிண்ணம், படுக்க ஒரு பழைய சாக்கு. ஈராண்டுகட்கு முன், தில்லியில் நாங்கள் வாழும் அரசாங்கக் குடியிருப்புக்கு ஒரு குட்டியைக் கொணர்ந்தபோது, நானும் இவற்றையெல்லாம் முறையாகச் சேகரித்து வைத்தேன். மாநகராட்சியில் நாயைப் பதிவு செய்வது எப்படி என்றும் விசாரித்து அறிந்தேன். இவ்வளவும் செய்தவன் என் குழந்தைகள் இருவரையும் ஆயத்தப்படுத்த மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொருந்தாது; தவறாக ஆயத்தப்படுத்தினேன்.

"இது உங்களில் யாரையாவது கடித்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன்." இதுவே நான் அவர்கட்குச் செய்த உபதேசம்.

குட்டி வந்தது மார்கழிக் குளிரில். ஒன்பதாம் நாள், ஐந்து வயது மகனைக் குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றிய என் மனைவி, அவன் முன்கையில் இரண்டு பற்குறிகளைக் கண்டு திடுக்கிட்டாள். கடித்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. கம்பளிச் சட்டையின் நீண்ட கைக்குள் அதை மறைத்தே வைத்திருந்தான். "சொன்னால் அதைக் கொடுத்துவிடுவீர்களே, அப்பா" என்று அழுதான். ஒன்பது வயது மகளுக்கும் செய்தி தெரியும். அவளும் வாய் திறக்கவில்லை.

குட்டிக்கு அப்போது மூன்று மாதம் நிறையவில்லை. வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயது அதற்கு வரவில்லை. அந்நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபட்ட உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்புவது தீங்கே. நாங்கள் இரண்டு நாட்களை இழந்து ஓடினோம். குறித்த நாட்களில் ஊசிகள் போடப்பட்டன. மகன் நலமாக இருக்கிறான். நம் இளமையில் கேட்டு நடுங்கிய வயிற்று ஊசிகள் இன்று வழக்கில் இல்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

ஆகவே, குட்டி வருமுன் குழந்தைக்குக் கூற வேண்டிய முதற் செய்தி இது: "கடித்தாலும் கீறினாலும் உடனே சொல். சொன்னதற்காக உன்னையும் அடிக்கமாட்டோம், நாயையும் துரத்தமாட்டோம்."

அடுத்தது நாயின் மொழி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானும், வாலாட்டம் என்றால் மகிழ்ச்சி என்று ஒரே பொருள் கொண்டிருந்தேன். உடல் விறைத்து நிற்க, வால் மட்டும் ஆடினால் அது மகிழ்ச்சியன்று. முகத்தைத் திருப்பி உதட்டை நக்குதல், உறக்கம் வாராத வேளையில் கொட்டாவி விடுதல், வெள்ளைவிழி தெரிய ஓரக்கண்ணால் நோக்குதல் ஆகிய யாவற்றிற்கும் "போதும், விடு" என்பதே பொருள். குழந்தையோ அன்பு மிகுந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். முகத்தோடு முகம் வைக்கும். என் மகன் கடிபட்டதும், உறங்கும் குட்டியைத் தூக்கி அணைத்தபோதுதான்.

இவற்றைப் பாடமாக ஓதுவதைக் காட்டிலும் விளையாட்டாகப் பழக்கலாம். பின்னர் நாங்கள் அவ்வாறே செய்தோம். மகள் நாயாவாள், தம்பி பக்கவாட்டில் நின்று கையைத் தாழ்த்தி, அது தானே வந்து முகரக் காத்திருப்பான். அது துள்ளிப் பாய்ந்தால் ஓடாமல், கூவாமல், மரம்போல் நிற்பான். கட்டிலுக்கடியில் நாயின் மூலையைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வரைந்தார்கள். அது உண்ணும்போதும் உறங்கும்போதும் கோட்டைத் தாண்டலாகாது. எனினும், பெரியவர் ஒருவர் அருகிலில்லாமல் சிறு குழந்தையையும் நாயையும் தனியே விடுதல் தகாது. கோட்டை நம்பிச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள்.

பிள்ளைகள் அன்பாக ஊட்டும் பண்டங்களிலும் கண் வேண்டும். சாம்பார் வெங்காயமும் பாயசத்துத் திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

கோடையில் ஊருக்குச் செல்லும் நம்மவர், நாய் எங்கே தங்கும் என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். இரயிலில், குளிர்சாதன முதல் வகுப்பின் தனியறை முழுவதையும் நமக்கென்றே பதிவு செய்தாலன்றி அது நம்மோடு வாராது. கார்டு வண்டியின் நாய்ப் பெட்டியில்தான் செல்ல வேண்டும். மே மாத வெயிலில் அவ்வாறு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எதிர்வீட்டார் வைத்துக்கொள்கிறார்கள்.

கட்டளைச் சொற்களைப் பற்றியும் எங்கள் வீட்டில் வழக்கு எழுந்தது. மகள் ஆங்கிலத்தில் 'சிட்' என்பாள். மகன் இந்தியில் 'பைட்டோ' என்பான். மனைவி 'உட்காரு' என்பாள். குட்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்து நிற்கும். ஒரு செயலுக்கு ஒரு சொல்லே வேண்டும் என்று கூடிப் பேசித் தமிழையே கொண்டோம். இப்போது எதிர்வீட்டுப் பஞ்சாபிச் சிறுவன் மாலைதோறும் வருகிறான். "அதுவே உன்னிடம் வரட்டும், பொறு" என்று என் மகன் அவனைத் தடுத்து நிறுத்துகிறான். பின்னர் அவன், தனக்கு வாய்த்த உச்சரிப்பில், "உட்கார்" என்கிறான். நாய் உட்காருகிறது.